23 ஆண்டு அனுபவமும் ஒரு முகாம் படிவமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த செய்தியை என் மகள் வாசிக்கக் கேட்டேன். பாராட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படியொரு முகாமுக்கு நானும் போய் வந்தவன் என்பதால், அந்தச் செய்தியில் இடம்பெறாத ஒரு சாராரைப் பற்றி எழுதத் தோன்றியது. ஒரு தொழிலைப் பல ஆண்டுகள் பழகி, அதில் தேர்ந்தபின், நடுவயதில் பார்வையையோ செவித்திறனையோ நடையையோ இழந்தவர்களைச் சொல்கிறேன்.

நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 23 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கண் நீர் அழுத்த நோயால் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்த பார்வை, 48ஆம் வயதில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. என்னை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. “உடம்பைப் பாருங்கள் சார், உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்” என்று அன்பாகவே சொல்லிச் சொல்லி, ராஜினாமாக் கடிதத்தை என்னையே எழுத வைத்தார்கள். ஓராண்டு போராடி, கணினியைக் காதால் கேட்டு இயக்கக் கற்றுக்கொண்டு அந்த முகாமுக்குப் போனபோது, படிவத்தில் வயது வரம்பு 35 என்றிருந்தது. முன் அனுபவத்தை எழுத அதில் ஒரு வரிகூட இல்லை என்று உடன் வந்த மகள் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் நல்லவர்தான். தொலைபேசியில் பேசும் வேலை ஒன்று இருப்பதாகவும் எனக்காகக் கேட்டுப்பார்ப்பதாகவும் சொன்னார். ஆண்டுதோறும் தணிக்கையாளர் முன் உட்கார்ந்து நிறுவனத்தின் கணக்குக்குப் பதில் சொன்னவன் நான் என்பதை அவரிடம் விளக்க அன்று எனக்கு மனம் வரவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும். பணிக்காலத்தில் ஒருவருக்குக் குறைபாடு நேர்ந்தால் அவரை வேலையைவிட்டு அகற்றவோ பதவியில் இறக்கவோ கூடாது. பார்த்துவந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் அமையாவிட்டால், தக்க இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ மிகைப் பணியிடம் ஒன்றில், அதாவது வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் அவருக்கென்றே உருவாக்கும் இடத்தில், வைத்திருக்க வேண்டும். இது புதிதன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் இதைத்தான் சொன்னது; இடது காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று காட்டி இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் அரசு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே. தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடமாக இருந்தால், தரப்படும் வசதிகளையும் பொறுப்பு அலுவலரையும் அதில் குறிப்பிட வேண்டும் என்கின்றன விதிகள். சட்டம் நடைமுறைக்கு வந்த 2017க்குப் பிறகும் நான் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தேன். அப்படியொரு தாளை யாரும் என்னிடம் காட்டியதில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

எங்களுக்குத் தடை என்றதும் பலருக்கும் சாய்தளமும் மின்தூக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் கணக்கு எழுதும் ஒருவனின் தடைகள் கண்ணுக்குத் தெரியாதவை. என் கணினியில் இருக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமானது. எக்செல் தாளில் அம்புக்குறியை அழுத்த அழுத்த, எந்தக் கட்டம், அதில் எவ்வளவு தொகை என்று அது சொல்லிக்கொண்டே வரும். கொள்முதல் பட்டியலை ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய விவரத்தோடு ஒப்பிடும் வேலையை இப்படியே முடித்துவிடலாம். ஆனால் சரக்கு அனுப்பியவர் பில்லைக் கைபேசியில் கோணலாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கே நின்றுபோவேன். படத்திலுள்ள எழுத்தை அறியும் வசதி இருக்கிறது. அது 3ஐ 8 என்று வாசித்துவிட்டால் கணக்கு என்னாவது? மென்பொருளில் உருவான அதே பில்லை அப்படியே பிடிஎஃப்பாக அனுப்ப ஒரு பைசா செலவில்லை. அலுவலகத்தின் பழைய தமிழ்க் கடிதங்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற எழுத்துருவில் இருந்தன. ‘அன்பு’ என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டால் என் கணினி ‘எம், டி, செமிகோலன், ஜி’ என்னும். தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு தந்து, திரைவாசிப்பானும் தமிழாகவே வாசிக்க வழி செய்யும் யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிதாக வாங்கப்படும் கணக்கு மென்பொருள்கள் சிலவற்றில் பொத்தான்களுக்குப் பெயரே வைத்திருப்பதில்லை. ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் கேட்கும். எது சேமிப்பது, எது அழிப்பது என்று ஊகித்து அழுத்த வேண்டும். இவற்றைச் சரிசெய்வது யார் வேலை என்று எந்த அலுவலகத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆகவே யாரும் செய்வதில்லை; கடைசியில் ‘அவரால் முடியவில்லை’ என்று பேச்சு முடிகிறது.

20(4)இன் பாதுகாப்பைக் குறைந்தபட்சம் 20 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்காவது விரிவாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மிகைப் பணியிடம் சிறு முதலாளிக்குச் சுமையாகலாம் என்பதை ஒரு கணக்கனாக நான் மறுக்கமாட்டேன். அதற்கு அரசு ஒரு பங்கு கொடுக்கலாம், அல்லது அந்த ஓர் அம்சத்தை மட்டும் விட்டுவிடலாம். குறைபாடு நேர்ந்தவரிடம் ராஜினாமாவை வாங்குமுன், என்னென்ன மாற்று ஏற்பாடுகள் செய்து பார்த்தோம் என்பதை நிர்வாகம் எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்ற அளவிலாவது சட்டம் வேண்டும். முகாம்களை நடத்தும் துறையினர் அனுபவசாலிகளுக்கென்று தனி மேசை ஒன்று போட்டு, படிவத்திலிருந்து அந்த வயது வரம்பை எடுத்துவிட இன்றே முடியும்.

இதோடு உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழின் மின்பதிப்புப் பக்கங்கள் படங்களாகவே வருவதால் என் கணினியால் அவற்றை வாசிக்க முடிவதில்லை. இந்தக் கடிதம் வெளியானால், அதையும் என் மகள்தான் எனக்கு வாசித்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்,
கோயம்புத்தூர்.