நெசவாளர் சங்க ஆண்டறிக்கை: பாவு ஓடுகிறவருக்கும் கூலி வேண்டும்

தலைவர் அம்மா, நிர்வாக சபையினர், தறியில் இருக்கும் அக்காமார், தங்கச்சிமார், நேரம் ஒதுக்கி வந்த கிராம அலுவலர் ஐயா, எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை நீளம் என்று முறைப்பாடு வந்தது. இந்த முறையும் நீளம்தான். கடைசியில், நெசவுக்கு முந்திய வேலைகளுக்கும் கூலி கொடுக்கும் ஒரு தீர்மானத்துக்கு உங்கள் கை கேட்கப் போகிறேன், எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரிந்துதான் தூக்க வேண்டும்.

முதலில் வழமையான விசயங்கள். மாதக் கூட்டங்கள் தை, மாசி தவிர ஒழுங்காக நடந்தன. அந்த இரண்டு மாதமும் காலபோக நெல் வெட்டு, பாதித் தறி சும்மா நிற்கும். இதை நான் ஒரு குறையாக எழுதவில்லை. வயல் கூலி அன்றன்றே கையில் வருகிறது, தறிக் கூலி துணி விற்ற பிறகுதான் வருகிறது, யாராக இருந்தாலும் வயலுக்குத்தான் போவார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று. காற்று காய்ந்தால் பருத்தி இழை அறும், ஈரச் சாக்கு விரித்து, தண்ணீர் தெளித்துச் சமாளித்தோம். ஐப்பசி முதல் மார்கழி வரை அதற்கு நேர் எதிர், பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் நிற்கும் இழைக்கு, போட்ட கஞ்சி காய மாட்டேன் என்கிறது. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு தரையில் குழி தோண்டிப் போடும் குழித்தறி வேண்டாம், நிலத்துக்கு மேல் நிற்கும் சட்டத்தறியே போதும் என்று முடிவெடுத்தது எவ்வளவு நல்லது என்று ஒவ்வொரு மாரியிலும் தெரிகிறது. கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அதைப் பொருளாளர் சொல்லுவார்.

நூல் இன்னும் இந்தியாவிலிருந்து வருவதுதான், இடையில் இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் வரும்போது விலை ஏறிவிடுகிறது. 2022இல் டொலர் இல்லாமல் நூல் தட்டுப்பட்டபோது ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. சேர்ந்து மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் குறையும். அதற்குக் கையில் முதல் வேண்டும். அது பொருளாளரின் தலையிடி.

இனி முக்கியமான கதை. எங்களிடம் வாங்குகிற ஆக்கள் மாறிவிட்டார்கள். முன்பு துவாய், சாறம், படுக்கை விரிப்பு என்று பக்கத்து ஊர்ச் சனம்தான் வாங்கியது, முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போட்டால் ஓரளவு விற்கும். இப்போது சேலை கேட்டு ரீச்சர்மார் வருகிறார்கள், ஆடி ஆவணியில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், கொழும்பிலிருந்து கடைக்காரர்கள் வட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள். இவர்கள் எல்லோருடைய வாயிலும் வருகிற சொல் ஸ்லோ ஃபாஷன், அதாவது மெதுவான உடுப்பு. கேட் ஃபிளெச்சர் என்ற இங்கிலாந்துப் பேராசிரியை 2007இல் எழுதிப் பரவிய சொல் இது. குறைவாக வாங்கு, நல்லதாக வாங்கு, கன காலம் உடு, அதைச் செய்த ஆளுக்கு நியாயமான கூலி போகிறதா என்று பார், இவ்வளவுதான் அதன் சாரம். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி டாக்காவுக்குப் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, இந்த உடுப்பைத் தைத்தது யார் என்று கேட்கிறவர்கள் உலகம் முழுக்கக் கூடினார்கள். அந்தக் கேள்வியின் வால்தான் இப்போது எங்கள் படலை வரைக்கும் வந்து நிற்கிறது.

நல்லது, வரட்டும். ஆனால் வருகிறவர்களில் பலருக்கு மெதுவான துணி வேண்டும், அதுவும் கெதியாக வேண்டும். இந்த வருடம் ஒரு கொழும்புக் கடை, பெயர் வேண்டாம், ஒரு தொகைச் சேலைக்கு ஓடர் தந்து மூன்று கிழமையில் வேண்டும் என்றது. விலையிலும் கழிவு கேட்டது. நிர்வாக சபை மறுத்துவிட்டது, அது சரியான முடிவு என்று இந்தச் சபையில் பதிகிறேன்.

ஏன் முடியாது என்று வெளி ஆக்களுக்கு விளக்க நான் ஒரு கணக்குப் போட்டேன், உங்களுக்கு இது தெரிந்ததுதான். 46 அங்குல அகலச் சேலையில் அங்குலத்துக்கு 48 இழை என்றால் 2,200 இழைக்கு மேல் பாவில் நிற்கும். ஒவ்வொரு இழையையும் தறியின் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லின் இடையிலும் கையால் கோர்க்க வேண்டும், அல்லது பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஊடை, அதாவது குறுக்கு இழை, அங்குலத்துக்கு 44 என்றால் ஐந்தரை மீற்றருக்கு அதைக் கொண்டு போகும் நாடா 9,500 தடவைக்கு மேல் குறுக்கே ஓட வேண்டும். இதற்குள் பூ, கரை, முந்தானை எதுவும் இல்லை, வெறும் சேலை. சாயம் போடுவது, கஞ்சி போடுவது, தார் சுற்றுவது, அதாவது நாடாவுக்குள் வைக்கும் கட்டையில் நூல் சுற்றுவது, எல்லாம் இதற்கு வெளியே.

நாங்கள் கூலி கொடுப்பது எதற்கு? நெய்த மீற்றருக்கு. நாடா ஓடும் நேரத்துக்கு மட்டும் காசு, அதற்கு முந்திய வேலை முழுக்கச் சும்மா. அம்மா தார் சுற்றுவா, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து இழை பிணைப்பாள், அது வீட்டு வேலைக் கணக்கில் போய்விடும். ஊர் ஊராக நெசவுசாலை இருந்த காலத்திலிருந்து இந்தப் பழக்கம். 1977இல் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு மில் துணி மலிவாக வந்து அந்த நெசவுசாலைகள் ஒவ்வொன்றாக மூடின, மிச்சம் இருந்தது யுத்தத்தோடு போனது. நாங்கள் மீளக்குடியேறி வந்து திரும்பத் தறி போட்டபோது தறியோடு அந்தக் கூலி முறையையும் அப்படியே எடுத்துவிட்டோம்.

இளம் பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கவலைப்படுகிறோம். விடிய வெள்ளெனக் கார்மெண்ட்ஸ் பஸ் வருகிறது, ஏறிப் போகிறார்கள். அங்கே வேலை கடினம், இலக்கு இலக்கு என்று நெருக்குவார்கள், ஆனால் மாதம் முடியச் சம்பளம் வருகிறது, ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் கட்டப்படுகிறது. எங்களிடம் என்ன இருக்கிறது? பாரம்பரியம் இருக்கிறது. பாரம்பரியத்தைக் காட்டி ஒரு இருபது வயதுப் பிள்ளையைத் தறியில் இருத்த எனக்கு வாய் வரவில்லை.

இயற்கைச் சாயம் பற்றியும் சொல்ல வேண்டும், வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சாயவேர் எங்கள் பக்கத்துச் சொத்துத்தான். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் அந்த வேரைத் தோண்டுவிப்பதை அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி தன் ஏகபோகமாக வைத்திருந்தது, சிவப்புச் சாயத்துக்கு அதற்கு அவ்வளவு மதிப்பு. நாங்கள் இந்த வருடம் படிகாரமும் கடுக்காயும் வைத்துத் துவாய் நூலில் போட்டுப் பார்த்தோம். நல்ல செம்மண் நிறம் வந்தது, அடுத்த முறை அதே நிறம் வரவில்லை. மெல்லிய வேர், மணலில் ஆழமாகப் போகும், கிலோக்கணக்கில் தோண்டினால் செடியே இல்லாமல் போய்விடும். ஆகவே விற்பனைக்கு இல்லை, பழகுவதற்கு மட்டும். பலாக்கட்டைச் சீவலில் வருகிற மஞ்சள் நம்பிக்கையானது, மரவேலைப் பட்டறையில் சும்மா தருகிறார்கள், அதைத் தொடரலாம்.

சரி, தீர்மானம். வருகிற சித்திரையிலிருந்து பாவு ஓடுதல், இழை பிணைத்தல், தார் சுற்றுதல், சாயம் போடுதல் எல்லாவற்றுக்கும் மணிக்கூலி. வீட்டில் இருந்து செய்தாலும் கொப்பியில் எழுதிக் காசு. சேலை விலை அதற்கேற்ப ஏறும். ஓடர் எடுக்கும்போது நெல் வெட்டு மாதத்தையும் மாரி மாதத்தையும் கழித்துத்தான் திகதி சொல்லுவோம், அரைவாசிக் காசு முன்பணம். விற்கிற ஒவ்வொரு சேலையிலும் ஒரு பங்கு நெய்தவரின் பெயரில் வங்கியில் போடப்படும்.

விலை ஏறினால் வாங்குகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று தலைவர் அம்மா நிர்வாக சபையில் சொன்னா. ஊர்ச் சனம் துவாய் வாங்குவது குறையும் என்பது உண்மை, அதனால் துவாய்க்கும் சாறத்துக்கும் பழைய விலையே இருக்கட்டும், ஏறுவது சேலைக்கும் சால்வைக்கும் மட்டும். ஸ்லோ ஃபாஷன் என்று கேட்டு வருகிறவர் இந்தக் கூலிக் கொப்பியைப் பார்த்த பிறகும் பேரம் பேசினால் அவர் போகட்டும். இது என் கருத்து, சபையின் கருத்து வேறாக இருக்கலாம்.

நூல் ஏற்றி வந்த வானுக்குக் காசு வாங்காத தம்பிக்கும், கஞ்சிக்குக் குறுணல் அரிசி தந்த மில்காரருக்கும் நன்றி. பொருளாளர் இப்போது கணக்கு வாசிப்பார், அப்புறம் தேநீர், அது முடிந்துதான் வாக்கெடுப்பு. வாக்களிக்காமல் யாரும் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம், கடைசி பஸ் ஆறு மணிக்குத்தான்.

செயலாளர்