யாருக்குச் சிறிது தாமதம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழின் திருநாட்டுப் பயணக் கட்டுரையில், எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை என்றும், 'வழியில் சோதனைச் சாவடியில் சிறிது தாமதம் ஆகலாம், மற்றபடி இடையூறு எதுவும் இல்லை' என்றும் அச்சிட்டிருந்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துவரும் எனக்கு, அந்த வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

2019 பிப்ரவரியில் நானும் அந்தப் புனிதப் பயணம் சென்றிருந்தேன். எங்கள் சொகுசுப் பேருந்தைச் சாவடியில் எவரும் நிறுத்தவே இல்லை. ஆனால் பெத்லகேமில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் பிற்பகல் நானும் உடன்வந்த ஓர் அம்மையாரும் ஊர்மக்கள் செல்லும் பேருந்தில் எருசலேமுக்குக் கிளம்பினோம். சாவடியில் வண்டி நின்றதும், யாரும் சொல்லாமலே பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, மழைத் தூறலில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். எழுந்த எங்களை ஓட்டுநர் உட்காரும்படி கைகாட்டினார். ஏறிவந்த இஸ்ரேலியப் படைவீரர் என் கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்தாரே ஒழியத் திறக்கக்கூட இல்லை. என் வயதுள்ள ஒரு தாய், கால் வீங்கியிருந்தவர், கம்பியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கியவர், நாற்பது நிமிடம் கழித்து நனைந்த முக்காட்டோடு ஏறிவந்து என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அது அவருடைய ஊர், ஐயா. நான் நான்கு நாள் விருந்தாளி.

தாமதம் என்ற சொல்லின் பொருளை முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து அறிந்தவள் நான். பிரசவ அறையில் கால் மணி நேரம் என்பது ஓர் உயிர். பெத்லகேமையும் உள்ளடக்கி இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் எருசலேமுக்குள் நுழைய முடியாது. சாவடியில் நோயாளியை ஒரு வண்டியிலிருந்து இறக்கி, மறுபுறம் நிற்கும் வேறு வண்டியில் ஏற்றுகிறார்கள். நாம் 'ஓசன்னா' பாடி இறங்கிவரும் அதே ஒலிவமலையில்தான் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற மேற்குக் கரை நோயாளிகள் பெரும்பாலும் அங்குதான் வருகிறார்கள். அதற்கு நோயாளிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், துணைக்கு வருபவருக்கும் வேண்டும். சாவடியில் காத்திருந்த வேளையிலேயே பெண்கள் பிள்ளை பெற்றதும், அப்பிள்ளைகளில் சிலர் இறந்ததும் ஐ.நா. மனித உரிமை அறிக்கைகளிலேயே பதிவாகியுள்ளன.

இவை தாங்கள் அறியாதவை அல்ல. 2002இல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய பிரிப்புச் சுவரின் பெரும்பகுதி மேற்குக் கரைக்கு உள்ளேயே செல்வதும், அங்கு அதைக் கட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்ததும் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 தொடக்கத்தில் ஐ.நா. மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம் எடுத்த கணக்கில், சாவடி, இரும்புக் கதவு, மண்மேடு என மேற்குக் கரைக்குள் மட்டும் 849 தடைகள். பெத்லகேமிலிருந்து, எருசலேமுக்கு வடக்கே உள்ள ரமல்லா நகருக்கு எருசலேம் வழியாகச் செல்ல அனுமதி இல்லாதவர்கள் வாதி அந்நார் என்னும் செங்குத்தான மலைப்பாதையில் சுற்றிச் செல்கிறார்கள். அங்குள்ள ஒரு சாவடியை மூடினால் மேற்குக் கரையின் தெற்குப் பகுதி முழுவதும் துண்டிக்கப்பட்டுவிடும். எங்கள் விடுதியில் உணவு பரிமாறிய இளைஞர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் கைப்பேசிக் குழுவில் 'ஸாலிக்' என்று வந்திருக்கிறதா, 'முஸக்கர்' என்று வந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். முன்னது வழி திறந்திருக்கிறது என்பது, பின்னது மூடியிருக்கிறது என்பது. அவரும் கிறிஸ்தவரே. ஒரு வருடம் ஈஸ்டருக்கு எருசலேமிலுள்ள கல்லறைத் தேவாலயம் செல்ல அவருக்கு அனுமதி வந்தது, மனைவிக்கு வரவில்லை; இருவருமே போகவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு, இஸ்ரேலில் கூலி வேலை செய்துவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அனுமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. யாத்திரிகர்களும் வராமல் போக, அந்த விடுதியும் பூட்டப்பட்டதாக அவர் எனக்கு எழுதினார்.

முன்பொரு கிறிஸ்துமஸ் மலரில் தாங்கள் வெளியிட்ட வரைபடத்தில் பெத்லகேம் இருந்தது, சுவர் இல்லை. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. பிறகொரு தலையங்கத்தில் 'இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும்' என்று படித்தபோது, வேலைக்குச் செல்ல விடியற்காலை மூன்று மணிக்கே சாவடியின் கம்பிக்கூண்டு வரிசையில் போய் நிற்பவர்கள் இதற்கு மேல் எந்தப் பொறுமையைக் காப்பது என்று கேட்டு எழுதினேன். அதையும் தாங்கள் வெளியிடவில்லை. பக்கப் பற்றாக்குறை இருந்திருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இப்போது பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரியை அடுத்த இதழில் மறுபடியும் அச்சிட்டு, 'சிறிது தாமதம்' என்பதற்கு முன்னால் 'வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு' என்ற சொற்களை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.