கடப்பவரைக் குறை சொல்லுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடைவீதி விபத்துகளைப் பற்றிச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கிறார்கள், ஜனங்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று வருத்தப்பட்டிருந்தார். அப்படிக் கடப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், கோளாறு பெரும்பாலும் ரோட்டில்தான் இருக்கிறது.

வேக வரம்புப் பலகையில் 30 என்று எழுதியிருக்கும். ரோடோ அகலமாக, நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை 'வா வா' என்று கிடக்கும். டிரைவரின் கால் எதன் பேச்சைக் கேட்கும்? அதே டிரைவர் குறுகலான திருப்பத்தில் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பார். நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கிற அந்த ஒரு நொடிக்குள் 8 மீட்டர் ஓடிவிடும். 50ல் வந்தால் 14 மீட்டர். பிரேக் பிடிப்பதே அதற்குப் பிறகுதான். மோதினால் 50ல் இருக்கும் ஆற்றல் 30ல் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினாலே உயிரைப் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு இப்போது 30தான். அங்கே 2024 ஜூலையில் தொடங்கி ஒரு வருடம் முழுக்க சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. பலகை மாட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. ரோட்டைக் குறுக்கினார்கள், வேகத்தைக் கேமரா வைத்துக் கண்காணித்தார்கள்.

அடுத்தது சிக்னல். அமெரிக்காவில் 2009 வரை, நடப்பவர் நொடிக்கு 4 அடி தூரம் போவார் என்ற கணக்கில்தான் கடக்கும் நேரத்தை ஒதுக்கினார்கள். பிறகு அதை 3.5 அடியாகக் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் 40 அடி ரோட்டைக் கடக்க ஏறக்குறைய 11 நொடி. முழங்கால் தேய்ந்துபோன எனக்கு நொடிக்கு இரண்டரை அடி வந்தாலே அதிகம். அதாவது 16 நொடி. பாதி ரோட்டுக்கு மேல் தாண்டும்போதே விளக்கு மாறிவிடுகிறது, அப்புறம் ஹாரன்தான். இத்தனை வருடம் அந்த ஹாரனை அடித்த பக்கம் இருந்தவன் நான், இப்போது வாங்கிக்கொள்கிற பக்கம். சிக்னல் நேரத்தை நீட்டலாம். அதைவிட நல்லது, கடக்கும் இடத்தில் மட்டும் இரண்டு பக்க நடைபாதையையும் பக்கத்துக்கு 6 அடி ரோட்டுக்குள் நீட்டுவது. 40 அடி 28 அடியாகிவிடும். எனக்கே 11 நொடி போதும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நடைபாதை நீண்டுவிட்டால் அந்த முனையில் யாரும் கார் நிறுத்த முடியாது. நிறுத்திய காருக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்க்கும்போது டிரைவருக்குத் தெரிவது தலைமுடி மட்டும்தான், அதுவும் தெரிந்தால். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் என்ற சின்ன நகரம் முனைகளில் கார் நிறுத்துவதைத் தடுப்பதையே முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு வருடங்களுக்கு மேல் அங்கே சாலை விபத்தில் உயிர்ச்சேதம் இல்லை.

பஸ் ஸ்டாப்பிங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ரோட்டோரத்தைக் குடைந்து உள்ளே தள்ளி ஸ்டாப்பிங் கட்டுகிறார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். பஸ்ஸை உள்ளே கொண்டுபோவது சுலபம், வெளியே எடுப்பதுதான் வேதனை. யாரும் வழிவிட மாட்டார்கள். நேரம் போகும், கண்டக்டர் முணுமுணுப்பார். நாலு நாள் இப்படி அவதிப்பட்ட டிரைவர் ஐந்தாம் நாள் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிடுவார். இறங்குகிற ஜனம் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் பாயும் பைக்குகளுக்குள் இறங்க வேண்டியதுதான். அப்படி ஒரு மாலையில் என் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மாவின் கால் முறிந்தது. தவறு பைக் ஓட்டியவருடையது என்றுதான் அன்று எல்லோரும் பேசினோம். ஸ்டாப்பிங்கை உள்ளே தள்ளாமல், நடைபாதையை பஸ் நிற்கும் இடம்வரை வெளியே கொண்டுவந்திருந்தால் அந்த இடைவெளியே இருந்திருக்காது. பஸ் நேராக நின்று நேராகப் புறப்படும். பின்னால் வருகிறவர்கள் அரை நிமிஷம் காத்திருக்கட்டுமே, பஸ்ஸுக்குள் இருப்பது ஐம்பது பேர்.

ஸ்டாப்பிங் எப்போதும் கடக்கும் இடத்தைத் தாண்டியே இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் இறங்கியவர்கள் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போவார்கள். பஸ்ஸை முந்துகிற வண்டிக்கு அவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

சைக்கிளுக்கு வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் மறுநாளே அது வண்டி நிறுத்துமிடம். பாதையை ஒரு படி உயர்த்தி, பஸ் ஸ்டாப்பிங்கின் பின்பக்கமாகக் கொண்டுபோனால்தான் பஸ்ஸும் சைக்கிளும் முட்டிக்கொள்ளாது.

கார் நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்தில் எடுத்த கணக்கு சுவாரஸ்யமானது. வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். விசாரித்தால் 22 சதவீதம்தான். காரில் வருகிறவர் வாசலில் நிறுத்துவதால் கண்ணில் படுகிறார், நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்று யார் கவனிக்கிறார்கள்?

இதற்கெல்லாம் ஏது பணம் என்று கேட்பார்கள். முதல் நாளே கல்லும் சிமெண்டும் வேண்டாம். நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தை 2009ல் பீப்பாய்களையும் மடக்கு நாற்காலிகளையும் போட்டுத்தான் நடப்பவர்களுக்குத் திறந்தார்கள். அடுத்த வருடம்தான் நிரந்தரமாக்குவதாக அறிவித்தார்கள். நமக்கும் பெயிண்டும் பூந்தொட்டிகளும் ஆறு மாதச் சோதனைக்குப் போதும். சரிப்படாவிட்டால் தொட்டியை நகர்த்திக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விண்ணப்பம். வரைபடம் போடுகிற பொறியாளர்கள், மாலை நெரிசலில் ஒரு டிரிப் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று வரட்டும். பிறகு அதே ஸ்டாப்பிங்கில் இறங்கி, இரண்டு கையிலும் பையோடு எதிர்ப்பக்கம் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர்