சுற்றுவழி

நாகப்பட்டினம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. மூன்று தடவை உட்கார்ந்து, "தைரியமாக இரு" என்ற வரியோடு நின்று, கிழித்துப் போட்டேன். 2005 முழுக்க ஊரே எனக்குச் சொன்ன வார்த்தை அது. கால் காசுக்குப் பிரயோஜனமில்லை.

பெருந்துறை விபத்து முடிந்து எட்டு மாதமாகியும் பைபாஸ் பக்கம் வண்டியைத் திருப்ப முடியவில்லை, ஊருக்குள் புகுந்து சுற்றித்தான் போகிறேன், யாராவது பிரேக் போட்டால் உடம்பு வேர்த்துவிடுகிறது, புத்தி பிசகுகிறதா என்று கேட்டிருந்தாய். இல்லைடா. நானும் சுற்றிப் போனவன்தான். சுனாமிக்குப் பிறகு மூன்று வருஷம், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகச் சைக்கிள் மிதித்தேன், அலைச் சத்தம் காதில் விழக்கூடாது என்று. மாணவர்களிடம் உடற்பயிற்சி என்று சொல்லி வைத்திருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தங்கை மகன் போனது உனக்குத் தெரியும். அவன் உடம்பு கிடைக்காததுதான் எங்களை அதிகம் சிதைத்தது என்று நான் சொன்னதில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் வரை போனார்கள். குழி வெட்டி மொத்தமாகப் புதைத்தார்கள். முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. "எந்த ஆஸ்பத்திரியிலாவது இருப்பான்" என்று தங்கை இரண்டு வருஷம் கருமாதி செய்ய விடவில்லை. ராத்திரி வாசல் கதவைத் தாழ் போட்டால் எழுந்து போய்த் திறந்துவிடுவாள். கடைசியில் அவளே ஒருநாள் அவனுடைய நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்துச் சடங்கு செய்தோம். அன்று ராத்திரி அவள் அழுத அழுகையை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மறுநாள் கதவைத் தாழ் போட்டாள்.

அந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. சிலர் நோட்டும் பேனாவுமாக வந்து "நடந்ததைச் சொல்லுங்கள்" என்பார்கள். சொல்லி முடித்ததும் வேனேறிப் போய்விடுவார்கள். அப்படி அடிபட்டவனை உடனே உட்கார வைத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. மாறாக, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆட்கள் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வீடு வீடாகத் திரும்பத் திரும்ப வந்து, பேசினால் கேட்டு, பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்து, ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக்கொடுத்துப் போனவர்கள்தான் எங்களுக்கு உதவினார்கள்.

என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனது மனைவி. அதற்கு முன் நாகூரில் மந்திரித்துக் கயிறும் கட்டினாள். அதை நான் கேலி செய்யமாட்டேன், பயந்தவன் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. டாக்டர் சொன்னது இது: பேரதிர்ச்சிக்குப் பிறகு தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் யாருக்கும் வரும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் பிடித்து வைத்திருந்தால்தான் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மனநோய், என்று பார்ப்பார்கள். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் ஏறியது. "நீங்கள் சுற்றிப் போகும் ஒவ்வொரு நாளும், அந்தப் பாதை ஆபத்துதான் என்று மூளைக்கு மறுபடி பாடம் எடுக்கிறீர்கள்" என்றார். வாத்தியாருக்கு ஏற்ற உவமை!

அப்புறம் வாரம் ஒருமுறை போனேன், பன்னிரண்டு வாரம். நடந்ததை அவர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நோட்டுக்காரர்கள் கேட்டதும் இதுவும் ஒன்றல்ல: இங்கே அவசரமில்லை, தாங்க முடியாத இடத்தில் நிறுத்தலாம், அடுத்த வாரமும் அதே ஆள் இருப்பார். கூடவே வீட்டுப்பாடம். முதல் வாரம் கடல் தெரியும் தெருமுனை வரை. அடுத்து மணல் வரை. முதல் மூன்று வாரம் முன்னைவிட மோசமாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் உன்னை ஏமாற்றியதாகும்.

இலங்கையின் வடகிழக்கில் சுனாமி முடிந்த கையோடு முகாம்களில் 31 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேர் தங்கள் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொன்னார்கள், மீதிப் பேர் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். ஆறே அமர்வுகள். இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். அதனால் பேச வாய் வரவில்லை என்றால் மூச்சுப் பயிற்சியில் ஆரம்பி, தப்பில்லை.

ராத்திரி இரண்டு பெக் போட்டால்தான் தூக்கம் என்கிறாயே, அது மட்டும் வேண்டாம். நானும் செய்து பார்த்தவன். தூக்கம் வரும், விடியற்காலை மூன்று மணிக்கு அலையும் வரும். தூக்க மாத்திரையையும் நீயாக வாங்கிப் போடாதே. இந்த நோய்க்கென்றே மாத்திரை உண்டு, டாக்டர் பார்த்துக் கொடுப்பார். ஈரோடு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416க்குப் போன் போடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022இல் வந்தது, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பொங்கலுக்கு இங்கே வா. பஸ் வேண்டாம், எர்ணாகுளம் – காரைக்கால் எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் நிற்கிறது. நான் இப்படிச் சொல்வதும் சுற்றுவழிதான், தெரியும். திரும்பிப் போகும்போது பைபாஸில் பஸ் ஏறலாம், திருச்சி வரை நானும் வருகிறேன். ஜன்னல் சீட்டு எனக்கு.

அன்புடன்,
ராஜு