ஓட்டிங் கிராமத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகாலாந்து பற்றி நம் பத்திரிகைகளில் செய்தி வந்தால் பாதிக்குமேல் ஆர்.என். ரவியைப் பற்றித்தான் இருக்கிறது. 2021இல் அவர் தமிழ்நாட்டுக்கு ஆளுநராக வருவதற்கு முன்பு, தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய நாகா குழுக்களோடு நடந்த பேச்சுவார்த்தையில் மத்திய அரசின் பிரதிநிதியாக இருந்தார், 2015 ஆகஸ்ட் 3ஆம் தேதி டெல்லியில் பிரதமர் முன்னிலையில் அந்தக் குழுக்களில் ஒன்றான என்.எஸ்.சி.என். (ஐ.எம்.) தலைவர் முய்வாவின் தரப்போடு, தீர்வுக்கு அடித்தளமான கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், அதெல்லாம் சரி. ஆனால் கையெழுத்தாகி பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஏன் இறுதித் தீர்வு வரவில்லை என்று யாராவது விளக்கமாக எழுதியிருக்கிறோமா?

தனிக்கொடியும் தனி அரசியல் சாசனமும் வேண்டும் என்று முய்வா தரப்பு நிற்கிறது, தர முடியாது என்று டெல்லி நிற்கிறது. ஒப்பந்தத்தில் வரும் 'இறையாண்மையைப் பகிர்ந்துகொள்வது' என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். ஐந்து வருஷம் அந்த வாசகமே மக்கள் கண்ணில் படவில்லை, 2020இல் முய்வா தரப்புதான் அதை வெளியிட்டது. 1947லிருந்து இழுத்துக்கொண்டு வரும் பிரச்சினையை மக்களுக்குக் காட்டாமல் முடித்துவிடலாம் என்று நினைத்ததே தப்பு என்பது என் கருத்து.

என்னைத் தூங்கவிடாதது வேறு விஷயம். 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை சாயங்காலம். நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த, கோன்யாக் என்ற நாகா இனத்து இளைஞர்கள் எட்டுப் பேர், வாரக் கடைசிக்கு வீடு போய்ச் சேரலாம் என்று ஒரு பிக்கப் வண்டியில் ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் வருகிறார்கள் என்று காத்திருந்த ராணுவத்தின் சிறப்புப் படை வண்டியைச் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள், இரண்டு பேர் காயத்தோடு பிழைத்தார்கள். பிள்ளைகளை இன்னும் காணோமே என்று தேடிப் போன ஊர்க்காரர்கள் ராணுவ வண்டியில் அந்த உடல்களைப் பார்த்ததும் கைகலப்பாகி, அதில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு, மேலும் பலர் பலி, ஒரு ராணுவ வீரரும் உயிரிழந்தார். கிறிஸ்துமஸ் மாதத்தில் ஒரு சின்ன ஊர் இத்தனை பிள்ளைகளை ஒன்றாகப் புதைத்தது. நிறுத்தச் சொல்லியும் வண்டி நிற்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது, அப்படி எந்த சைகையும் காட்டவில்லை என்று பிழைத்தவர்களில் ஒருவர் சொன்னார்.

நாகாலாந்து போலீஸ் விசாரித்து 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டப்படி மத்திய அரசு அனுமதித்தால்தான் வழக்கு நடக்கும். அனுமதி தரவில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் வழக்கை முடித்துவைத்தது, ஆனால் பின்னால் எப்போது அனுமதி கிடைத்தாலும் தொடரலாம் என்று கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறது. ஆக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அதைக்கூடச் செய்யாத அரசு, 'எங்களை நம்பி ஆயுதத்தைக் கீழே வையுங்கள்' என்று மறுபக்கம் கேட்டால் அந்த மலைக்கிராமத்து அம்மா எப்படி நம்புவாள்? 1958இல் கொண்டுவந்த இந்தச் சட்டத்தை 2022இல் பல இடங்களில் விலக்கினார்கள், மோன் மாவட்டத்தில் விலக்கவில்லை, அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்காக நான் ஆயுதக் குழுக்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. குழுவுக்குக் குழு 'வரி' என்று கடைக்காரர்களிடம் பிடுங்குவது பொறுக்காமல் 2013இல் நாகாலாந்தின் திமாப்பூர் நகரத்தில் ஜனங்களே பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். தங்களுக்குள் பிரிந்து சுட்டுக்கொண்டு செத்தவர்களும் கொஞ்சமல்ல. அதற்கு முன்பே, 1990களில், இனி ரத்தம் சிந்தாதீர்கள் என்று கிளம்பி, காட்டுக்குள் இருந்த முகாம்கள் வரைக்கும் நடந்துபோய்ப் பேசியவர்கள் நாகா தாய்மார் சங்கத்துப் பெண்கள். 1997 ஆகஸ்டில் வந்த போர்நிறுத்தம் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்குத் தலைவர்களைவிட இவர்களுக்கு அதிகம் நன்றி சொல்ல வேண்டும் என்பேன். ஒப்பந்தப் படங்களில் இவர்கள் முகம் இல்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பர் 4க்கு உங்கள் நிருபர் ஒருவரை ஓட்டிங்குக்கு அனுப்புங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பேசட்டும், அதைத் தமிழில் முழுப்பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி