இடது கால் நன்றாக இருக்கிறது

அன்பின் மச்சான்,

நான் சுகம். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. உனக்குப் பேத்தி பிறந்த செய்தியை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். அன்றைக்கே போய் இரண்டு சின்னச் சட்டை வாங்கி வந்துவிட்டா. அடுத்த பார்சலில் வரும்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் மறுபடியும் அந்தக் கதையை எழுதியிருக்கிறாய். மழை பெய்து சேறாய்க் கிடந்த பள்ளிக்கூட மைதானம், நீ சறுக்கி வந்து பந்தோடு என் காலையும் சேர்த்து வாரியது, என்னைக் கதவுப் பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது. முழங்காலில் சத்திரசிகிச்சை என்று நான் எழுதியதும், அது உன்னால் வந்ததுதான் என்று நீயே தீர்மானித்துவிட்டாய். மச்சான், அன்றைக்கு முறிந்தது இடது கால். இப்போது வெட்டப்போவது வலது முழங்கால். முப்பது வருஷமாய் நின்று வேலை செய்த தேய்மானம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

இதை எத்தனை தரம் சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். ஆகவே இந்த முறை வேறொரு ஆளைப் பற்றி எழுதுகிறேன். ச்சா பும்-குன், கொரிய உதைபந்தாட்டக்காரர். நான் இங்கே வந்த புதிதில் உனக்கு எழுதிய கடிதங்களில் அவர் பெயர் இருந்திருக்கும்.

போன மாதம் ஸ்கான் எடுக்கப் பிராங்க்பேர்ட்டுக்குப் போனேன். வில்லி பிரான்ட் சதுக்கத்துக்குக் கீழே இருக்கிற சுரங்க ரயில் நிலையத்தில், அந்த ஊர் ஐன்ட்ராக்ட் உதைபந்தாட்டக் கழகத்தின் பெரிய ஆட்டக்காரர்களின் படங்களைத் தூண் தூணாய்ப் பதித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று அவருடையது. கையில் பொல்லோடு அந்தத் தூணடியில் நின்றேன். இரண்டு ரயில் போய்விட்டது.

1978 டிசம்பரில் தென்கொரியாவிலிருந்து ஜேர்மனிக்கு வந்தவர். அப்போதே அவர் நாட்டில் பெரிய பெயர். 1976இல் சியோலில் மலேசியா 4-1 என்று முன்னுக்கு நிற்க, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் தனியாளாய் மூன்று கோல் போட்டு 4-4 ஆக்கியவர். இங்கே டார்ம்ஸ்டட் கழகத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். அதோடு கொரிய விமானப்படை, கட்டாயச் சேவையை முடித்துவிட்டுப் போ என்று திருப்பிக் கூப்பிட்டுவிட்டது. வேறு ஆளென்றால் அங்கேயே மனம் விட்டிருப்பான். இவர் போய்ச் சேவையை முடித்து, 1979 கோடையில் திரும்பி வந்து பிராங்க்பேர்ட்டில் சேர்ந்தார். அடுத்த மே மாதமே அந்தக் கழகம் ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஃபா கிண்ணத்தை வென்றது.

இனி உனக்காக நான் எழுத வந்த விஷயம். 1980 ஓகஸ்ட், லெவர்கூசன் மைதானத்தில் ஆட்டம். யூர்கன் கெல்ஸ்டோர்ஃப் என்ற லெவர்கூசன் தடுப்பாட்டக்காரர் பின்னாலிருந்து மோதியதில் ச்சாவின் இடுப்பு முள்ளந்தண்டு எலும்பில் வெடிப்பு. பிராங்க்பேர்ட் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கெல்ஸ்டோர்ஃபுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. முதுகெலும்பு என்றால் யோசித்துப் பார், அதோடு நடையே போயிருக்கலாம். ஆனால் ச்சா அவர்மேல் வன்மம் வைக்கவில்லை. குணமாகி வந்து, அதே பருவத்தில் ஜேர்மன் கிண்ண இறுதியாட்டத்தில் கோலும் போட்டார். 1983இல் எந்தக் கழகத்துக்கு மாறினார் தெரியுமா? அதே லெவர்கூசனுக்கு. முதுகை உடைத்தவரும் உடைபட்டவரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றாய் ஆடினார்கள்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் நான் கோப்பை கழுவிய உணவகத்தின் பெரிய சமையல்காரர். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாய் வந்து ஹைமில், அதுதான் அகதி விடுதியில், இருந்த காலத்தில் என்னிடம் யாரும் பெயர் கேட்டதில்லை, கடதாசிதான் கேட்டார்கள். இந்த மனிதர் முதல் நாளே, ‘நீ ஆசியாக்காரன்தானே, ச்சா பும்மைத் தெரியுமா?’ என்று கேட்டுச் சிரித்தார். கொரியா எங்கே, யாழ்ப்பாணம் எங்கே! ஆனாலும் எங்கோ தூரத்து ஊரிலிருந்து வந்த ஒருவன் பெயரைச் சொல்லும்போது ஒரு ஜேர்மன்காரனின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுக்குப் பிறகு சனிக்கிழமை பின்னேரம் ஹைமில் தொலைக்காட்சிக்கு முன்னால் முதல் ஆளாய் நான் இருப்பேன். அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 17 கோல். ஓடத் தொடங்கினாரென்றால் தொடை இரண்டும் இயந்திரம் மாதிரி. ஆனால் ஆளைத் தள்ளுவது, விழுந்து நடிப்பது ஒன்றும் கிடையாது. 308 லீக் ஆட்டங்களில் 98 கோல். அதில் ஒன்றுகூடத் தண்ட உதை இல்லை. அத்தனை ஆட்டத்திலும் வாங்கியது ஒரே ஒரு மஞ்சள் அட்டை.

1988 மே 18 இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. யூஃபா கிண்ண இறுதி, இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவின் எஸ்பான்யோல் கழகம் லெவர்கூசனை 3-0 என்று அடித்திருந்தது. சமையலறையில் வானொலி. பாதி ஆட்டம் வரைக்கும் ஒரு கோலும் இல்லை. பிறகு டீட்டா ஒன்று, கோட்ஸ் ஒன்று. என் கை இரண்டும் முழங்கை வரை சவர்க்கார நுரைக்குள். 81ஆவது நிமிஷம், ச்சா தலையால் முட்டி மூன்றாவதைப் போட்டார். சமையல்காரர் சட்டி மூடியைத் தூக்கி மேசையில் அடித்து, ‘ச்சா! ச்சா!’ என்று கத்தி, ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார். கடைசியில் தண்ட உதைகளில் லெவர்கூசனுக்கு 3-2 வெற்றி. எஸ்பான்யோலின் கடைசி உதை கம்பத்துக்கு மேலால் போனது. லெவர்கூசன் வென்ற முதல் பெரிய கிண்ணம் அது. ஒருவரும் மிச்ச மீதிக் கோப்பையைக் கழுவவில்லை.

அவருக்கும் கெட்ட காலம் வந்தது. 1998 உலகக் கிண்ணத்தில் கொரியாவுக்குப் பயிற்சியாளர். நெதர்லாந்திடம் 5-0 என்று தோற்றதும், போட்டி முடிய முன்னமே வேலையை விட்டு நீக்கினார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்பவும் கோபம் வரும். நாலு வருஷத்துக்குப் பிறகு அரையிறுதி வரை போன கொரிய அணியில் பிராங்க்பேர்ட்டில் பிறந்த அவர் மகன் டு-ரி இருந்தான். அதைப் பார்த்துத்தான் மனம் ஆறியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2019 நவம்பர் 3இல் இன்னொரு கொரிய ஆட்டக்காரர் சன் ஹியுங்-மின் வழுக்கி மறித்ததில் எவர்ட்டன் ஆட்டக்காரர் ஆந்த்ரே கோமெஸின் கணுக்கால் முறிந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு சன் அழுத முகம் இருக்கிறதே, அது உன் முகம், மச்சான். அன்றைக்கு மழைக்குள் பலகைக்குப் பக்கத்தில் ஓடிவந்த அதே முகம். மூன்று நாளில் பெல்கிரேட்டில் சன் இரண்டு கோல் போட்டார். போட்டுவிட்டுக் கொண்டாடவில்லை, கமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஐரோப்பாவில் கொரியர் ஒருவர் அதுவரை போட்ட கூடிய கோல்கள் 121, அது ச்சாவின் கணக்கு. அதைச் சன் தாண்டியது அந்தக் கும்பிட்ட இரவில்தான். கோமெஸ் பெப்ரவரியிலேயே மறுபடி விளையாட வந்துவிட்டார். அதே நவம்பரில் ஜேர்மன் அரசு ச்சாவுக்குத் தன் விருதைச் சியோலில் வைத்துக் கொடுத்தது.

சரி, சத்திரசிகிச்சை வருகிற மாதம் 14ஆம் திகதி. அப்புறம் ஆறு கிழமை பொல்லோடு நடை. இங்கே கிடைக்கிற பூச்சு எல்லாம் தண்ணீர் மாதிரி. உங்கள் ஊர்ப் பரியாரியார் காய்ச்சுகிற எண்ணெயில் ஒரு போத்தல், யாராவது வந்தால் கொடுத்துவிடு. வலது காலுக்கு.

அன்புடன்,
உன் மச்சான்