உயிரியல் பாடநூல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். டி.என்.ஏ. பொதிந்திருக்கும் விதம் பற்றிய பாடத்தில் ஒரு படத்தை மாற்றச் சொல்லத்தான் இந்த மடல்.

டி.என்.ஏ. புரதங்களின் மேல் சுற்றி உருவாகும் அடிப்படை அலகான நியூக்ளியோசோம் வரை குறையில்லை. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என இரண்டிரண்டாக எட்டு ஹிஸ்டோன் புரதங்கள். அவற்றின் மேல் 147 கார இணை (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளத்துக்கு டி.என்.ஏ. ஏறத்தாழ 1.65 சுற்று சுற்றுகிறது. 1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் முன்வைத்த இந்த அமைப்பை, 1997இல் வெளியான படிக ஆய்வு நுணுக்கமாகக் காட்டிவிட்டது. ‘நூலில் கோத்த மணிகள்’ என்ற உவமையை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். நூல் இங்கே மணிக்கு வெளியே சுற்றுகிறது. பிள்ளைகளோ மணிக்கு நடுவே கோடு இழுத்துவிடுகிறார்கள்.

சிக்கல் அடுத்த படத்தில். அந்த மாலை 30 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கான சுருளாக முறுக்கிக்கொள்வதாக வரைகிறோம். செல்லிலிருந்து பிரித்தெடுத்த குரோமாட்டினில், அதாவது டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன் முதலிய புரதங்களும் சேர்ந்த பொருளில், உப்பின் அளவை மாற்றிப் பார்த்தபோது கிடைத்த வடிவம் அது. கோழியின் சிவப்பணுக்களிலும் தென்படுகிறது, சரி. ஆனால் அவை மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கிப்போன செல்கள். மனித செல்லுக்குள் 2017இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே பார்த்தவர்கள் கண்டது, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறும் ஒழுங்கற்ற இழைகளைத்தான்.

இது வெறும் படத் திருத்தம் இல்லை. இறுக்கிக் கட்டிய கயிறாகவே பார்த்துப் பழகும் மாணவர், 2 மீட்டர் டி.என்.ஏ.வைச் சில மைக்ரோமீட்டர் உட்கருவுக்குள் அடைப்பதோடு ஹிஸ்டோனின் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். எந்த மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கலாம், எதைக் கூடாது என்பதும் இங்கேதானே முடிவாகிறது? ஹிஸ்டோனின் வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் நேர்மின்சுமை டி.என்.ஏ.வின் எதிர்மின்சுமையை ஈர்க்கிறது. அதில் ஓர் அசிட்டைல் தொகுதி ஒட்டினால் அந்தச் சுமை போய், பிடி தளர்கிறது. அசிட்டைல் சேர்வதற்கும் படியெடுத்தலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே சொன்னது 1964இல்! நம் பாடத்தில் இதற்கு ஒரு பத்தி கூடவா இடமில்லை?

பழைய படத்தை நீக்கச் சொல்லவில்லை. ‘பிரித்தெடுத்த குரோமாட்டினில் கண்டது’ என்று கீழே எழுதி, பக்கத்தில் அந்த ஒழுங்கற்ற இழைகளையும் வரையுங்கள். அப்புறம், ‘30 நானோமீட்டர் இழையைப் படம் வரைந்து விளக்குக’ என்ற வினாவை மாதிரித் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, ‘செல்லுக்குள் அப்படி இல்லையே’ என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போட எங்களுக்கு வழியில்லை.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்